கோட்டுக்குக் கீழே

எல்லோருக்கும் வணக்கம். ஐரோப்பாவில் உள்ள செக் நாட்டின் பழைய நாளிதழ் ஒன்றை உங்கள் மனதில் விரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே அரசியல், போர், வியன்னாவிலிருந்து வரும் ஆணைகள். கீழே தெரு, சந்தை, நாடகம், பக்கத்து வீட்டுக்காரர்களின் பேச்சு. இந்தக் கீழ்ப்பகுதிக்கு அவர்கள் பெயரே 'கோட்டுக்குக் கீழே' என்றுதான் வைத்திருந்தார்கள். செக் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமா? கோட்டுக்குக் கீழே படியுங்கள் என்பேன்.

அது செக் மண் ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்த காலம், தலைநகர் வியன்னா. ஆட்சியின் மொழி ஜெர்மன். செக் மொழியில் துணிந்து பத்திரிகை நடத்திய கரெல் ஹாவ்லீச்செக்கை 1851 டிசம்பரில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பிரிக்ஸன் ஊரில் வைத்தார்கள். அப்படிப்பட்ட நாளில் தன் ஊர்த் தெருவைத் தன் மொழியில் எழுதுவது சின்ன விஷயமில்லை. அதை ஆயுள் முழுக்கச் செய்தவர் யான் நெருடா. நமக்குத் தெரிந்த பாப்லோ நெருடா அல்ல, அவருக்கு முந்தைய பிராக் நகரத்துக் கவிஞர். 'நாரோத்னி லிஸ்டி' நாளிதழில் 1865 முதல் 1891இல் இறக்கும்வரை எழுதினார். கட்டுரையின் அடியில் பெயர் இருக்காது, சின்னதாக ஒரு முக்கோணம் இருக்கும். 1890 மே முதல் நாள் பிராக்கில் தொழிலாளர்கள் ஊர்வலம் போனதை, அவர்கள் எடுத்து வைத்த காலடியோடு சேர்த்து, நாம் இன்றும் அந்த முக்கோணத்துக்கு மேலே படிக்கலாம்.

சரி, பிர்னோ நகரத்துக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த கதை அங்கேதான் இருக்கிறது. 'லிதொவே நொவினி' 1893இல் அங்கே தொடங்கிய நாளிதழ். லோலெக் என்ற ஓவியர் ஒரு வனக்காவலரையும் ஒரு பெண் நரியையும் வைத்து நிறையப் படங்கள் வரைந்து வைத்திருந்தார். அவை பத்திரிகையின் கைக்கு வந்தன. படத்துக்குக் கதை எழுதும் வேலை, நீதிமன்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்த ருடோல்ஃப் டெஸ்னோஹ்லீதெக் தலையில் விழுந்தது. பிர்னோ வட்டாரப் பேச்சைக் கலந்து எழுதினார். நரிக்கு 'வேகக்காலி' என்று பொருள்படும் பிஸ்திரோநோஷ்கா என்று பெயர் வைத்தார். அச்சுக்கோப்பவர் கையெழுத்தைப் பிஸ்திரோஉஷ்கா என்று படித்துவிட்டார். 'கூர்ங்காதி' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது!

1920இல் இது தொடராக வந்தபோது, இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக் வீட்டில் வேலை பார்த்த அம்மாள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன சிரிப்பு என்று யானாச்செக் கேட்டார், அந்த அம்மாள் பத்திரிகையைக் காட்டினார். யானாச்செக் அதை இசைநாடகமாக்கினார், 1924 நவம்பர் 6 அன்று அந்த நரி பிர்னோ மேடையில் பாடியது. உலகமெங்கும் இன்றும் நடக்கிற ஓர் இசைநாடகம், சமையலறையில் நாளிதழ் படித்த ஒருவரின் சிரிப்பிலிருந்து வந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உலகமே இன்று சொல்லும் 'ரோபோ'வின் பிறப்புக் கதையும் இதே பத்திரிகையில்தான் வந்தது. தன் நாடகத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது தன் அண்ணன் யோசெஃப்தான், வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு படம் வரைந்தபடி சொன்னார் என்று எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1933 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அதில் எழுதினார். பண்ணை முதலாளிக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு 'ரொபோதா' என்று பெயர். சொல் அங்கிருந்து வந்தது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். யானாச்செக் எங்கே போனாலும் கையில் குறிப்பேடு இருக்கும். சந்தையில் ஒருவர் விலை சொன்னால், ரயில் நிலையத்தில் ஒருவர் யாரையாவது கூப்பிட்டால், வார்த்தையோடு அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தையும் இசைக்குறிகளாக எழுதிக்கொள்வார். அப்புறம் அதைக் கட்டுரையாக்கி 'லிதொவே நொவினி'க்குக் கொடுப்பார். பத்தியின் நடுவே ஐந்து கோடுகள், அவற்றில் சுரங்கள், கீழே யாரோ ஒருவர் பேசிய பேச்சு. செக் மக்களின் குரல் அப்படியே நாளிதழில் அச்சாகியிருக்கிறது.

1921இல் தாகூர் பிராக்குக்கு வந்தார். அவர் பேசியதை யானாச்செக்கும் அரங்கில் உட்கார்ந்து கேட்டார். அதே பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார், தாகூரின் குரலையும் சுரங்களாகக் குறித்தார். அடுத்த ஆண்டு, தொட்ட இரும்பைப் பொன்னாக்கும் பரிசமணியைத் தேடி அலையும் பித்தனைப் பற்றிய தாகூரின் கவிதைக்கு ஆண்குரல்களை வைத்து இசையமைத்தார்.