பத்தரை மணிப் பரீட்சையும் பகல் பன்னிரண்டு மணி விழிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். பிப்ரவரி பிறந்துவிட்டால் தில்லியில் நம் தமிழ் வீடுகளில், மயூர் விஹாரானாலும் ஆர்.கே.புரமானாலும், ஒரே புலம்பல்தான். "சார், ராத்திரி நாலு மணி வரைக்கும் படிக்கிறான். பகல் பன்னிரண்டு அடித்தாலும் ரஜாய்ப் போர்வையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான்." நான் கணக்கு வாத்தியார், டாக்டர் இல்லை. ஆனால் தூக்கத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது எனக்கு வெகுநாள் பைத்தியம்.

அம்மாக்களே, முதலில் பையனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பதின்வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் தள்ளித்தான் ஓடும். ஸ்டடி லீவில் கேட்பாரும் இல்லை என்றால் இன்னும் தள்ளிப்போகும். சிக்கல் எங்கே வருகிறது? சிபிஎஸ்இ பரீட்சையில் 10.15க்கு வினாத்தாள் கையில் வரும், 10.30க்கு எழுத ஆரம்பிக்க வேண்டும். ஜேஇஇ மெயின் காலை ஷிஃப்ட் 9 மணிக்கே. நாலு மணிக்குப் படுத்து பன்னிரண்டுக்கு எழுகிற உடம்புக்கு அது நடுநிசி தாண்டிய நேரம். கண் திறந்திருக்கும், மூளை திறந்திருக்காது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், "இன்றைக்குப் பத்து மணிக்கே படு". அது நடக்காது. ஏன் நடக்காது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1938-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நதானியல் கிளைட்மேன் தன் மாணவர் ரிச்சர்ட்சனைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் கென்டக்கியில் மாமத் குகைக்குள் போய்த் தங்கினார். ஒரு மாதத்துக்கு மேல், 32 நாள். சூரியன் கிடையாது. இரவும் பகலும் ஒரே குளிர், சுமார் 12 டிகிரி. நம் ஜனவரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மொட்டைமாடி வெயில் இல்லாத ஜனவரி. எலி ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தகர டப்பாக்களில் நிறுத்தியிருந்தார்களாம்.

எதற்கு இவ்வளவு பாடு? ஒரு நாளை 28 மணி நேரமாக்கி வாழ முடியுமா என்று பார்க்க. ஒன்பது மணி நேரம் தூக்கம், பத்தொன்பது மணி நேரம் விழிப்பு. இளவயது மாணவர் ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டார். நாற்பதைத் தாண்டிய பேராசிரியருக்கோ கடைசிவரை வசப்படவில்லை. அவர் உடம்புச் சூடு பழைய 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தை ஆராய்வதே தொழிலாக வைத்திருந்தவர், பிடிவாதக்காரர், படுத்துப் பார்க்கிறார், வரவில்லை! அவருக்கே அந்தக் கதி என்றால், நாம் "படு" என்று அதட்டினால் வந்துவிடுமா? (மனுஷர் 104 வயது வரை இருந்தார், குகை அவரை ஒன்றும் செய்யவில்லை.)

தூக்கம் நம் சொல் கேட்காது. ஆனால் எழுந்திருப்பது நம் கையில் இருக்கிறது. அதனால் படுக்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். தினமும் அரை மணி, முடிந்தால் முக்கால் மணி முன்னால் எழுப்புங்கள். எழுந்த உடனே பால்கனி, இல்லையென்றால் மொட்டைமாடி. டியூப்லைட் போட்ட அறையில் வெளிச்சம், லக்ஸ் என்ற அளவில், சில நூறுதான். மூடுபனி நாளில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு. கண் வழியாகப் போகும் அந்த வெளிச்சம்தான் கடிகாரத்தைத் திருப்புகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டுக்கு எழுகிறவனை முதல் நாளே ஏழு மணிக்கு மாடி வெயிலில் நிறுத்தாதீர்கள். உடம்புச் சூடு மிகவும் தணியும் நேரம், வழக்கமாக எழுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால். அதற்கும் முந்தி வெயில் பட்டால் உடம்பு அதை இன்னும் சாயங்காலம் என்றே எடுத்துக்கொண்டு, கடிகாரத்தை மேலும் பின்னால் தள்ளும். ஒரே நாளில் திருத்தப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். பத்து நாளாவது வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், எழும் நேரம்தான் பிடி. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதேதான்.

நம் வீடுகளின் இன்னொரு நம்பிக்கை, விடிகாலை நாலு மணிக்குப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பது. சீக்கிரம் படுத்து எழுகிறவருக்குச் சரி. இரண்டு மணிக்குப் படுத்தவனை நாலுக்கு எழுப்பினால் படித்தது நிற்காது, தூக்கத்தில்தான் அது பதிகிறது. பத்தரை மணிப் பரீட்சைக்கு ஆறு மணிக்கு எழுந்தால் தாராளம்.

அப்புறம் அந்த ஃபிளாஸ்க். மேஜை ஓரத்தில் ஃபில்டர் காபி, மேலே கவிழ்த்த டம்ளர். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காபியில் பாதி காஃபீன் ராத்திரி பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். பரீட்சைக்கு முந்தின இரவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று தூக்கம் வராவிட்டால் பயப்படாதீர்கள், ஒரு இரவு குறைந்தால் பத்து நாள் பழக்கம் போய்விடாது. விளக்கை அணைத்துப் படுத்திருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும், எழுப்புவதை அம்மா பார்த்துக்கொள்வார். ஹால் டிக்கெட்டை ராத்திரியே பையில் வைத்துவிடுங்கள். வணக்கம்.