ஒரு வார்த்தைக்கு ஒரு ரூபாய்

(குன்னூரில் பழைய மாணவியர் கூடிய நாளில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "மலைக் கான்வென்ட் பிள்ளைகளை உருவாக்கியது கட்டுப்பாடா, ஆசிரியர்களா?" ஆசிரியர்களே என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் கிளம்பி வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தங்கை அழகாகப் பேசினார். பாலிஷ் போட்ட ஷூ, இரட்டைப் பின்னல், ஸ்டடி ஹவர், வரிசை பிசகாத அசெம்பிளி. "கான்வென்ட் பிள்ளை நடந்து வந்தாலே தெரியும், அது கட்டுப்பாடு செய்த வேலை" என்றார். சரி, நடையை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். வாயைத் திறந்தால் என்ன வருகிறது என்பது யார் செய்த வேலை?

இன்னொன்றும் சொன்னார். இயேசு சபைக் குருக்கள் தங்கள் பள்ளிகளுக்கு 1599-லேயே விதித்தொகுப்பு போட்டுவிட்டார்கள், ஆகவே கத்தோலிக்கக் கல்வி என்றாலே விதிதான் என்று. தங்கச்சி, அதை முழுக்கப் படித்திருந்தால் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். பிள்ளையை ஆசிரியர் தன் கையால் அடிக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. அடியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சபையைச் சேராத ஓர் ஆளைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அந்தக் காலம் அப்படி. ஆனால் பிரம்பைவிடப் பாராட்டு கிடைக்குமே என்ற ஆசையும், பேர் கெட்டுவிடுமே என்ற கூச்சமும்தான் பிள்ளையை நகர்த்தும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விதி எழுத உட்கார்ந்தவர்களுக்கே ஆசிரியரைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

நம் ஊட்டிக் கதை இதைவிட வேடிக்கை. பிரான்சிலிருந்து வந்த ஒரு துறவி, தான் இருந்த சபையில் பிணக்கு வந்து, கூட இருந்த சகோதரிகள் சிலரோடு வெளியேறி, ஊட்டியில் ஒன்றுகூடி, ரோமில் போப்பிடம் அனுமதி வாங்கி 1877-ல் புதுச் சபை தொடங்கினார். நாம் எஃப்.எம்.எம். (பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) சிஸ்டர்கள் என்று சொல்கிறோமே, அந்தச் சபைதான். இன்று உலகம் பூராவும் இருக்கிறது. அன்றைக்கு அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்திருந்தால் அப்படி ஒரு சபையே வந்திருக்காது.

இனி என் வகுப்புக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த சிஸ்டர், ஒரு ஜனவரியில் விடிவதற்கு முன்பே ஹாஸ்டல் பிள்ளைகளை எழுப்பிக் கம்பளியோடு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அந்த நேரத்தில் கதவைத் தாண்டக் கூடாது என்பது ஹாஸ்டல் விதி. கையில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றை ஆள் உயரத்தில் கம்பத்தில் கட்டினார், இன்னொன்றைப் புல்லிலேயே கிடத்தினார். மேலே இருந்தது மூன்று டிகிரி காட்டியது. புல்லில் கிடந்தது சுழியத்துக்குக் கீழே போயிருந்தது. மேகமில்லாத ராத்திரியில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, அதனால்தான் காற்று உறையாத நாளிலும் தரையில் உறைபனி விழுகிறது என்று அங்கேயே நின்று விளக்கினார்.

அப்போது கேத்திப் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வந்த பிள்ளை ஒருத்தி, கடைசி பெஞ்சு, வகுப்பில் வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: "பள்ளத்துத் தேயிலைதான் முதல்ல கருகும் சிஸ்டர். மேட்டுல இருக்கிறது தப்பிச்சிடும். எங்கப்பா சொல்வார்." வேறு யாராவது இருந்தால் "வெரி குட்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். சிஸ்டர் அன்றைக்கு வகுப்பில் சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, அப்பா சொன்னதைப் போர்டில் வரையச் சொன்னார். அவள் ஒரு சரிவை வரைந்தாள், கீழே தேயிலைச் செடி போட்டாள். குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்று சிஸ்டர் அம்புக்குறி மட்டும் போட்டார். அந்தப் பிள்ளை இப்போது கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. டிசம்பர் பிறந்தால் இரண்டு தெர்மாமீட்டரோடு புல்லில் உட்கார்ந்துவிடுகிறாள். நடுவர் அவர்களே, இதை எந்த விதி சொல்லிக்கொடுத்தது?

அடுத்து, எங்கள் தமிழ் ஐயா. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. எங்கள் பள்ளியில் தமிழ் பேசினால் வார்த்தைக்கு ஒரு ரூபாய் அபராதம். இன்றைக்கு நான் பேசுகிற பேச்சுக்கு வீட்டை விற்றாலும் கட்டுபடியாகாது! அந்தப் பள்ளியில், ஆறாவது பீரியடில், ஐயா ஜன்னலைத் திறக்கச் சொல்வார். நல்லாசிரியர் மலை போன்றவர் என்கிறாரே நன்னூலில் பவணந்தி முனிவர், அதில் மழை பொய்த்தாலும் மலை வளம் தரும் என்று ஓர் இடம் வரும். எதிரே சோலைக்காட்டைக் காட்டி, "மார்ச் மாதத்துலயும் அந்த ஓடை ஓடுதே, யார் ஊத்துறாங்க?" என்று கேட்பார். விதி ஜெயித்திருந்தால் நான் இந்த மேடையில் நின்று தமிழில் உங்களோடு மல்லுக்கட்ட முடியுமா?

முழங்காலில் நிற்க வைத்தவர்களையும் நாங்கள் மறக்கவில்லை. அதுவும் தாக்கம்தானே என்று எதிரணி கேட்கும். தாக்கம்தான். கணக்கு என்றாலே இன்றும் வயிறு கலங்குகிற தாக்கம். அதைத் தாராளமாக அவர்கள் பக்கமே வரவு வைத்துக்கொள்ளட்டும்.

எதிரணித் தலைவி அடுத்து வருகிறார். வந்ததும் பள்ளி டைரியில் இருந்த ஏழாவது விதி என்னவென்று சொல்லட்டும். சொல்லிவிட்டு அஞ்சாம் வகுப்பு மிஸ் பெயரையும் சொல்லட்டும். எது முதலில் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில்கூட உட்கார்ந்துவிடுகிற பழக்கம் மட்டும் கட்டுப்பாடு தந்தது, அந்த ஒரு மார்க்கை எதிரணிக்குக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.