தவறிய விடைகள் சொல்லித்தந்தவை

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எப்படி ஆயத்தமாவது, எழுதி முடித்த பின் அதை எப்படித் திரும்பிப் பார்ப்பது என்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இந்தத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் என் அறிவு ஒன்றும் இரட்டிப்பாகிவிடவில்லை. படித்த புத்தகங்களும் பெரும்பாலும் அவையேதான். மாறியது ஒன்றே ஒன்று: என்னுடைய தவறான விடைகளை நான் நடத்திய விதம். அதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

முதல் ஆண்டில் நான் செய்ததெல்லாம் படிப்பதுதான். உயிரியல் பாடநூலை நான்கு முறை, ஐந்து முறை என்று முழுவதுமாக வாசித்தேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் நிறம் தீட்டினேன். ஒரு கட்டத்தில் மஞ்சள் இல்லாத வரிகளே குறைவு என்றாகிவிட்டது. ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் பக்கங்கள் பழக்கமானவையாகத் தெரிந்தன, அந்தப் பழக்கத்தையே அறிவு என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு முகத்தைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு அந்த முகத்தை வரைந்து காட்டச் சொன்னால்தான் நமக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கும். சிறுநீரகத்தின் நெஃப்ரான் படத்தை நூறு முறை பார்த்திருந்தேன். வெற்றுத்தாளில் அதை வரைந்து, எந்தப் பகுதியில் நீர் உறிஞ்சப்படுகிறது, எந்தப் பகுதி நீரைக் கடக்கவே விடாது என்று எழுத ஒருமுறைகூட முயன்றதில்லை.

மறதியைப் பற்றிய ஆய்வு மிகப் பழையது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில், எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெல்லத் தணிகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பத்தியை மீண்டும் வாசித்த மாணவர்களையும், வாசித்த பின் அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. மாணவர்கள் ஏன் வாசிப்பையே நம்புகிறார்கள் என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. அன்றைய இரவுக்கு வாசிப்பு உண்மையாகவே கைகொடுக்கிறது. தேர்வோ அன்றிரவு நடப்பதில்லை.

இரண்டாம் ஆண்டில் நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மாதிரித் தேர்வு எழுதிய ஒவ்வொரு முறையும், மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே, தவறிய வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த விடையை எழுதினேன், அந்த நேரத்தில் என்ன நினைத்து அதை எழுதினேன், அந்த நினைப்பு எந்த இடத்தில் பிசகியது என்று அதில் எழுதுவேன். சரியான விடையை எழுதி வைப்பது இந்த நோட்டின் வேலை இல்லை. அது விடைக்குறிப்பிலேயே இருக்கிறது. பிசகிய இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு மூன்று மணி நேரத் தேர்வைத் திரும்பிப் பார்க்க எனக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று மாதிரித் தேர்வு எழுதி எதையும் திரும்பிப் பார்க்காதவரைவிட, ஒன்றே ஒன்றை எழுதி அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பவர் அதிகம் கற்கிறார் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை தேர்வு எழுதினாய் என்று மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரண்டு மாதத்தில் அந்த நோட்டு என்னைப் பற்றி எனக்கே தெரியாததைச் சொல்லத் தொடங்கியது. பாடம் தெரியாததால் நான் தவறவிட்டவை நான் நினைத்திருந்ததைவிட மிகக் குறைவு. தெரிந்தும் தவறியவையே அதிகம். "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது" என்று கேட்டிருக்கும். முதலில் கண்ணில் பட்ட பொருந்துவதைக் குறித்திருப்பேன். இயற்பியலில் சென்டிமீட்டரை மீட்டராக்காமல் கணக்குப் போட்டிருப்பேன், அந்தத் தவறான எண்ணும் நான்கு விடைகளில் ஒன்றாக எனக்காகவே காத்திருந்ததுபோல் அச்சாகியிருக்கும். குவியத் தொலைவின் குறியை மாற்றிப் போட்டிருப்பேன். இவையெல்லாம் கவனக்குறைவு என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும் என்று முதலில் நினைத்தேன். அது பயனற்ற சொல் என்று பிறகு தெரிந்தது. கவனமாக இரு என்று ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதால் எதுவும் மாறுவதில்லை. "வினாவின் கடைசிச் சொல்லை அடிக்கோடிட்ட பிறகே விடைகளைப் பார்ப்பேன்", "எண்ணை எழுதும்போதே அலகையும் எழுதுவேன்" என்று கை செய்யக்கூடிய ஒரு செயலாக அதை மாற்றிக்கொண்டபோதுதான் தவறுகள் குறைந்தன.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது மாதிரித் தேர்வில் வந்த வினா அல்ல. முதல் ஆண்டில் உண்மையான தேர்விலேயே நான் தவறவிட்டது. மரபியல் வினா. ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் மட்டுமே நோயைத் தரும் மரபணுவால், வரும் ஒரு நோய். பெற்றோர் இருவருக்கும் நோய் இல்லை, அவர்களுடைய மூத்த குழந்தைக்கு நோய் இருக்கிறது, இளைய குழந்தை நலமாக இருக்கிறது. நலமாக இருக்கும் அந்த இளைய குழந்தை நோய் மரபணுவைத் தாங்கியிருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? நான் சற்றும் தயங்காமல் 1/2 என்று குறித்தேன். பெற்றோர் இருவரும் மரபணுவைத் தாங்கியவர்கள், அதாவது நோயில்லாமல் அதை ஒரு பிரதியாக மட்டும் வைத்திருப்பவர்கள். பிள்ளைக்கு மரபணுக்கள் சேரக்கூடிய நான்கு வழிகளையும் கட்டங்களாக வரைந்தால், ஒன்று நோயுள்ளது, இரண்டு தாங்கியவை, ஒன்று முற்றிலும் நலமானது. நான்கில் இரண்டு என்றால் பாதி. விடைக்குறிப்பில் 2/3 என்று இருந்ததைக் கண்டு, அச்சுப்பிழை என்றே முதலில் நினைத்தேன். அந்தக் குழந்தை நலமாக இருக்கிறது என்று வினா சொல்லிவிட்டது. ஆகவே நோயுள்ள கட்டம் அவனுக்குப் பொருந்தாது. மீதமுள்ளவை மூன்று கட்டங்கள், அவற்றில் இரண்டு தாங்கியவை. கணக்கு எனக்குத் தெரிந்ததுதான். நலமாக என்ற ஒரு சொல் எனக்கு ஒரு செய்தியைத் தந்தது, அதை நான் வெறும் சொல்லாகக் கடந்துவிட்டேன்.

தேர்வு அறைக்குள் விடை தெரியாத வினாவை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே உட்கார்ந்து யோசிக்கக்கூடிய காரியம் இல்லை அது. இந்தியாவின் நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். அதை நம்பி இறங்க முடியாது. ஆனால் இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று நீக்கிவிட முடிந்தால், மீதமுள்ள இரண்டில் ஒன்றைக் குறிப்பதற்குச் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் கிடைக்கிறது. அங்கே விட்டுவிடுவதுதான் நஷ்டம். அமெரிக்காவின் எம்கேட், பிரிட்டனின் யூகேட் போன்ற தேர்வுகளில் தவறான விடைக்குக் குறைப்பு கிடையாது. அங்கே ஒரு வினாவைக்கூட வெறுமையாக விடக்கூடாது. எம்கேட் இடைவேளைகளையும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம் நீள்கிறது. யூகேட்டின் வாசிப்புப் பகுதியிலோ ஒரு வினாவுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கிறது. ஒன்றுக்கு உடலின் தாங்குதிறன் வேண்டும், மற்றொன்றுக்கு விட்டுவிட்டு நகரும் துணிவு வேண்டும். எழுதப்போகும் தேர்வின் விதிகளைப் பாடத்தைப் படிப்பதுபோலவே படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் எழுதிய விடையை மாற்றாதே என்று ஏறக்குறைய எல்லா மாணவர்களுக்கும் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகவே சொல்கின்றன. மாற்றிய விடைகளில் தவறிலிருந்து சரிக்கு மாறியவையே அதிகம். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த நம்பிக்கை ஏன் நிலைத்திருக்கிறது என்பதையும் விளக்கியது: சரியான விடையைக் கைவிட்டு மாற்றித் தவறவிட்டது மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும், மாற்றாமல் தவறவிட்டது அந்த அளவுக்கு வலிப்பதில்லை. வலித்ததையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். காரணம் இருந்தால் மாற்றுங்கள். பதற்றத்தால் மட்டும் மாற்றாதீர்கள்.

உறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் படித்தது மூளையில் நிலைபெறுவதற்கு உறக்கம் வேண்டும். கடைசி வாரத்தில் உறக்கத்தை வெட்டிப் படிப்பவர், அதற்கு முன் பல மாதங்களாகச் சேர்த்ததைத்தான் செலவழிக்கிறார். கடைசி நாளில் நான் என் நோட்டை மட்டும் புரட்டினேன்.

தேர்வு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. வாசலிலேயே விடைகளை ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அதில் சேர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அரைகுறை நினைவை அரைகுறை நினைவோடு ஒப்பிடுகிறோம், அச்சத்தைத் தவிர வேறு எதுவும் அதில் கிடைக்காது. பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வரும் பிள்ளையிடம் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள். என் தாயார் முதல் முறையும் கேட்கவில்லை, இரண்டாம் முறையும் கேட்கவில்லை. தாகமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக நான் அவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை நெடுநாள் கழித்தே உணர்ந்தேன். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு தரவரிசை எண் தங்கள் மொத்த மதிப்பையும் சொல்லிவிடுவதாகப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையின் எடை சில வேளைகளில் தாங்க முடியாததாகிவிடுகிறது. அப்படி உடைந்து நிற்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மருத்துவ உதவி தேடத் தயங்காதீர்கள்.

அந்த எண்ணால் எதை அளக்க முடியும், எதை அளக்க முடியாது என்பது மருத்துவக் கல்லூரிகளுக்கே நன்றாகத் தெரியும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், மாணவர்கள் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலையை எதிர்கொண்டு பேசும் பல சிறு நேர்காணல்களை இருபதாண்டுகளுக்கு முன் உருவாக்கியது. இன்று பல நாடுகளில் அது வழக்கத்தில் இருக்கிறது. நெதர்லாந்தில் மருத்துவ இடங்களுக்குப் பல பத்தாண்டுகள் குலுக்கல் முறையையே பயன்படுத்தினார்கள். பிறகு அதைக் கைவிட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் அனுமதித்தார்கள். தகுதியானவர்கள் பலர் இருக்கும்போது அவர்களுக்குள் நுட்பமாக வரிசை பிரிப்பது நியாயமா என்ற கேள்வி அங்கே இன்னும் முடியவில்லை. ஒரு மதிப்பெண்ணில் இடத்தை இழந்தவர் ஒரு மதிப்பெண் அளவுக்கு மோசமான மருத்துவராகியிருப்பார் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை.

இடம் கிடைக்காத ஆண்டில் எனக்குக் கிடைத்தது அந்த நோட்டு. மருத்துவரான பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. மருத்துவமனைகளில், எதிர்பாராத விதமாக இறந்துபோன நோயாளிகளைப் பற்றிக் கூடிப் பேசி, எந்த இடத்தில் எந்த முடிவு பிசகியது என்று ஆராயும் கூட்டங்கள் நடப்பதுண்டு. முதன்முறை அப்படியொரு கூட்டத்தில் உட்கார்ந்தபோது, இது எனக்குத் தெரிந்த வேலை என்று தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் திருமணம் நிச்சயமாகியிருந்த ஓர் இளம்பெண் என்னிடம் வந்தார். அவருடைய அண்ணனுக்கு தலசீமியா என்ற, ஒடுங்கு மரபணுவால் வரும் இரத்த நோய். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவர். இந்தப் பெண் நலமாகவே இருந்தார். இணையத்தில் நிறையப் படித்திருந்தார். "அந்த மரபணு எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். நான் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்கள் வரைந்தேன். அவருடைய அண்ணனுக்கு உரிய கட்டத்தை அவர் கையாலேயே அடிக்கச் சொன்னேன். மீதமிருந்த மூன்றையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூன்றில் இரண்டு" என்றார். வாய்ப்பைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, இரத்தத்தில் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை ஒன்றே உறுதியாகச் சொல்லிவிடும், திருமணம் செய்துகொள்ளப்போகிறவரும் அதைச் செய்துகொள்வது நல்லது என்று சொல்லி, இருவருக்கும் சோதனைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளையும் மடித்துத் தம்மோடு எடுத்துச் சென்றார்.

வணக்கம்.