டஸ்டரின் மூக்கு இறங்கிவிட்டது, எந்தக் காயிலையும் வெட்டவில்லை

வணக்கம் மக்களே. கராஜில் இருந்துதான் பேசுகிறேன், விசிறி சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், மிச்சிகன் ஜூலைப் புழுக்கத்தில் அதை நிறுத்தினால் நான் அவிந்துபோவேன். என் காரின் முன்பக்கத்தைத் தரைக்குக் கொஞ்சம் நெருக்கமாக இறக்கப்போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னதுதான் தாமதம், கமென்டில் பாதிப் பேர் "காயிலை ஒரு சுற்று வெட்டிவிடு தலைவா" என்கிறார்கள், சுருள் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் கார் இறங்குமாம். எந்தக் காயிலை? இது 1970 பிளைமவுத் டஸ்டர் 340 ஐயா! முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. இந்த சேனலில் எத்தனை முறை இந்தக் காருக்கு அடியில் படுத்துக் காட்டியிருக்கிறேன், அப்போதெல்லாம் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

சரி, கோபம் வேண்டாம். 1957 மாடலில் இருந்தே, பிளைமவுத்தைச் செய்த கிறைஸ்லர்காரர்கள் முன்பக்கத்துக்கு டார்ஷன் பார்தான் போட்டார்கள். நீளமான இரும்புக் கம்பி, ஒரு முனை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிற கீழ் கன்ட்ரோல் ஆர்மில், மறு முனை சீட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்குதான் ஸ்பிரிங். கீழ் ஆர்மிலேயே ஒரு அட்ஜஸ்டர் போல்ட் இருக்கிறது, காரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு அதைத் தளர்த்தினால் மூக்கு இறங்கும், இறுக்கினால் ஏறும். ஆன செலவு பூஜ்யம். முன்னால் காயில் ஸ்பிரிங் உள்ள மஸ்டாங் வைத்திருக்கும் என் நண்பர் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை, அந்த முகத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் போல்ட்டைத் திருகிவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இவ்வளவு பேச்சு என்கிறீர்களா? இங்கேதான் வருகிறது விஷயம். காரை இறக்க இறக்க, ஆர்ம் ரொம்ப மேலே ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு உள்ள இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஃபேக்டரி பாரின் விட்டம் 0.87 அங்குலம், இன்றைய கணக்கில் அது நூடுல்ஸ். ஒரு அங்குலம் இறக்கிவிட்டு எங்கள் ஊர்ச் சாலைக் குழியில் விட்டால் ரப்பரில் போய் 'டொம்' என்று உட்காரும், பல்லெல்லாம் ஆடும். இறக்கி ஓட்ட ஆசையிருந்தால் தடித்த பார் போட்டே ஆக வேண்டும், நான் போட்டது 1.03 அங்குலம். பார்த்தால் சுண்டுவிரல் அகல வித்தியாசம்கூட இல்லை, ஆனால் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

பழைய பாரைக் கழற்றிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. பின்முனையில் ஒரு கிளிப் இருக்கிறது, குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பும் ஐம்பது வருஷத்து கிரீஸும் சேர்ந்து கல்லாகி, அது கிளிப்பா துருவா என்றே தெரியவில்லை. பல் விளக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன், ஊசி வைத்துக் குத்தினேன், துரு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒருவழியாகக் கிளிப் பறந்தது, எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அதன்பின் பாரைப் பின்பக்கமாகத் தட்டி எடுக்க ஒரு கருவி, இரண்டு இரும்புத் துண்டு, நான்கு போல்ட், அவ்வளவுதான், விலை 68 டாலர். அறுபத்தெட்டு! பைப் ரெஞ்சைப் போட்டுப் பிடித்துத் தட்டேன் என்பீர்கள், கூடவே கூடாது, பாரில் கீறல் விழுந்தால் பின்னால் முறிவு அங்கேதான் தொடங்கும். வயிற்றெரிச்சலோடு வாங்கினேன், சுத்தியலால் மூன்று அடி, சொருகியிருந்த பார் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. காசை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், மறக்கவில்லை.

அட, ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அட்ஜஸ்டர் போல்ட்டை முழுக்கத் தளர்த்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, பாரில் முறுக்கே இல்லாமல் செய்த பிறகுதான் கிளிப் பக்கமே போக வேண்டும், வரிசை முக்கியம். இன்னொன்று, பாரின் முனையில் எல், ஆர் என்று குத்தியிருப்பார்கள், இடது வலது மாற்றிப் போடக்கூடாது.

புது பார் ஏற்றி, முன்பைவிட ஒரு அங்குலம் கீழே நிறுத்தினேன், அதற்கு மேல் ஆசை இல்லை. தரையை நக்கிக்கொண்டு போகிற கார்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், ஸ்பீட் பிரேக்கரில் வெட்கப்படுகிற கார் என்ன மசில் கார்? அளக்கும்போது பம்பரை நன்றாக அமுக்கி ஆட்டிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் இடது ஒன்று சொல்லும், வலது ஒன்று சொல்லும். கீழ் ஆர்ம் ஆடுகிற அச்சில் இருக்கும் பிவட் நட்டைக் கடைசியாக, சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள், தொங்கும்போதே இறுக்கினால் அந்த ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிலேயே கிடந்து கிழிந்துவிடும்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட்? அதைப் பேசினால் இன்னொரு வீடியோ ஆகிவிடும். இறக்கினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருப்பது) மாறும், செய்தே ஆக வேண்டும் என்று ஒரு கடைக்குப் போனேன், அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் இருக்கும் 1970 எண்களைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். தம்பி, அந்த எண்கள் பயாஸ் பிளை என்ற பழைய வகை டயர் காலத்தவை, நான் போட்டிருப்பது ரேடியல். கேம்பர் அரை டிகிரி நெகட்டிவ், மேல் ஆர்மின் கேம் போல்ட் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு பாசிட்டிவ் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு), டோ-இன் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியை நீட்டினேன். இப்போது நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தாலே நேராகப் போகிறது, முன்பு தறிகெட்டு அலைந்த அதே கார்.

ஆகஸ்டில் வுட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்குக் கொண்டுபோகிறேன், டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்கள் வந்து பாருங்கள். அதற்குள் பின்பக்கப் பட்டை அடுக்கு ஸ்பிரிங்கை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும், மூக்கு இறங்கியதில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பின்பக்கத்தை இறக்க பிளாக் வை, அது வை, இது வை என்று கமென்டில் ஆரம்பிக்காதீர்கள்.