உப்பைத் தடுக்கும் சவ்வு: அடுத்த முன்னேற்றம் எங்கே?

[காட்சி: நீளவாக்கில் அறுத்துப் பிரிக்கப்பட்ட ஆர்.ஓ. உருளை]

கடல்நீரை அழுத்திச் சவ்வின் வழியே தள்ளிக் குடிநீராக்கும் (இதுவே ஆர்.ஓ. முறை) ஆலைகளில் பயன்படும் உருளை இது. சுருளைப் பிரித்தால் சவ்வுத் தாள், பிளாஸ்டிக் வலை, மறுபடியும் சவ்வுத் தாள் என்று நடுக்குழாய் வரை அடுக்கடுக்காக வருகிறது. தாள் கைக்குத் தடிப்பாகவே தெரியும். ஆனால் உப்பைத் தடுக்கும் வேலை முழுவதையும் அதன் மேலுள்ள பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகைப் படலம்தான் செய்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 100 முதல் 200 நானோமீட்டர். கீழே இருப்பதெல்லாம் அதைத் தாங்கி நிற்பவை.

[காட்சி: கண்ணாடிக் கலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திரவங்கள்]

அந்தப் படலம் உருவாகும் விதம் அழகானது. கீழே அமீன் என்ற வேதிப்பொருள் கரைந்த தண்ணீர், மேலே அதோடு வினைபுரியும் அமிலக் குளோரைடு கரைந்த ஹெக்ஸேன் என்ற எண்ணெய் போன்ற திரவம். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தொட்டுக்கொள்ளும் எல்லையில் மட்டும் வினை நடந்து, சில நொடிகளில் படலம் பிறக்கிறது. பிறந்த படலமே இருபுறத்தையும் பிரித்துவிடுவதால் வினை தானாகத் தளர்ந்துபோகிறது. அது இவ்வளவு மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஜான் கடோட் என்ற வேதியியலாளர் 1970களில் வகுத்த இந்த வழியில்தான் இன்றும் பெரும்பாலான ஆர்.ஓ. சவ்வுகள் தயாராகின்றன.

ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீன், மிக நுண்ணிய கார்பன் நானோகுழாய், உயிரணுக்களில் நீரைக் கடத்தும் அக்வாபோரின் புரதம் என்று புதுப்புதுச் சவ்வுகள் செய்தியில் வரும்போதெல்லாம், தண்ணீரை எத்தனை மடங்கு வேகமாக விடுகின்றன என்பதே தலைப்பாகிறது. வேகத்தைத் துரத்துவதால் இனிப் பெரிய லாபம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வேகமான சவ்வுக்குக் குறைந்த அழுத்தம் போதும், அதனால் மின்சாரம் மிச்சமாகும் என்பதுதான் எதிர்பார்ப்பு. கணக்கைப் பாருங்கள். கடல்நீரில் பாதியை நன்னீராகப் பிரிப்பதென்றால், ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் செலவாகியே தீரும். இது இயற்கை விதித்த எல்லை. எந்தச் சவ்வும் இதற்குக் கீழே இறங்க முடியாது. நல்ல ஆலைகளில் சவ்வுப் பிரிப்புக்கு மட்டும் இப்போது 2 யூனிட்டை ஒட்டித்தான் ஆகிறது. மிச்சம் பிடிக்கக் கிடைப்பது கொஞ்சமே.

[காட்சி: போரிக் அமில மூலக்கூறு சவ்வைக் கடந்து செல்லும் வரைகலை]

குறை இருப்பது தேர்ந்து தடுப்பதில். கடல்நீரில் லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் போரான் உண்டு. அது மின்னூட்டமில்லாத போரிக் அமிலமாக இருப்பதால், சோடியத்தை மடக்கும் அதே சவ்வில் எளிதாக நுழைந்துவிடுகிறது. எலுமிச்சை வகை மரங்களுக்கு இது ஆகாது. இதற்காகவே பல ஆலைகள் நீரின் காரத்தன்மையைக் கூட்டி, போரானை மின்னூட்டமுள்ள வடிவுக்கு மாற்றி, இரண்டாம் முறையும் வடிகட்டுகின்றன.

குளோரின் இன்னொரு தலைவலி. கிருமிகளைக் கொல்ல நீரில் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் பாலிஅமைடை அது அரித்துவிடும் என்பதால், சவ்வை எட்டும் முன் நீக்கியும் விடுகிறார்கள். தப்பிய நுண்ணுயிர்கள் சவ்வின்மேல் படிந்து பெருகுகின்றன, நீரோட்டம் குறைகிறது, கழுவ வேண்டியிருக்கிறது. குளோரினைத் தாங்கி, உப்பையும் இதே அளவு தடுக்கும் சவ்வு ஒன்று ஆலைக்கு வந்தால் அதைத்தான் பெரிய முன்னேற்றம் என்பேன்.

அதற்குப் படலத்தின் உட்புறம் தெரிய வேண்டும். 2021இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, மின்னணு நுண்ணோக்கியால் படலத்தை முப்பரிமாணத்தில் படம்பிடித்தது. மெல்லிய படலமே நீரை நன்றாக விடும் என்ற எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது. தடிமனைவிட, அடர்த்தி எங்கும் சீராக இருப்பதே முக்கியம் என்று தெரிந்தது. அடர்ந்த திட்டுகள் இருந்தால், தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

[காட்சி: உப்பேரியின் செறிந்த நீர்]

தேர்ந்து பிரிக்கும் திறன் குடிநீரோடு நிற்பதில்லை. உப்பேரி நீரில், பேட்டரிகளுக்குத் தேவையான லித்தியத்தோடு மெக்னீசியமும் ஏராளமாகக் கலந்திருக்கிறது. நீர்மூலக்கூறுகள் சூழ்ந்த நிலையில் இரண்டு அயனிகளின் பருமனும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அளவை மட்டும் நம்பிப் பிரிப்பது கடினம். ஆர்.ஓ. சவ்வைவிடச் சற்றுத் தளர்வான நானோவடிகட்டல் சவ்வின் மேற்பரப்புக்கு நேர்மின்னூட்டம் கொடுத்துவிட்டால், இரட்டை மின்னூட்டமுள்ள மெக்னீசியம் வலுவாக விலக்கப்படுகிறது, ஒற்றை மின்னூட்டமுள்ள லித்தியம் கடந்து போகிறது.