வெள்ளைப்பசுவை வகுப்புக்குள் ஓட்டி வருவது எப்படி?

[திரையில்: கரும்பலகை. பாட்டின் முதல் இரண்டு அடிகள்.]

"தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே
துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி."

வணக்கம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் இந்தப் பாட்டைப் பாடாத தொடக்கப்பள்ளி ஆசிரியர் யாரும் இருக்க மாட்டோம். வழக்கமாக என்ன செய்கிறோம்? ராகத்தோடு பாடுகிறோம், பிள்ளைகளும் சேர்ந்து பாடுகிறார்கள். அப்புறம் நேராகக் கேள்விதான். "தோட்டத்தில் மேய்வது எது?" "வெள்ளைப்பசு!" "பசுவின் நிறம் என்ன?" சரி, அதோடு விட்டோமா? பசுவின் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறோம். வெள்ளைப்பசுவுக்கு என்ன வண்ணம் தீட்டுவது?

பிள்ளைகளுக்கான செயல்பாட்டை வெளியே தேட வேண்டாம். பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

[திரையில்: பசுவின் அடிகள் ஒரு நிறத்தில், கன்றின் அடிகள் இன்னொரு நிறத்தில்.]

மொத்தம் எட்டே அடிகள். ஓர் அடி பசுவுக்கு, அடுத்தது கன்றுக்கு, கடைசிவரை அப்படியே. பசு மேயுது, கன்று குதிக்குது. பசு நக்குது, கன்று பால் குடிக்குது. அடிக்கு ஒரு வேலை வைத்துத்தான் கவிமணி எழுதியிருக்கிறார். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள்: இந்தப் பக்கம் பசுக்கள், அந்தப் பக்கம் கன்றுகள். தங்கள் அடி வரும்போது மட்டும் பாடி நடிக்க வேண்டும். எதிரணி பாடும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், தங்கள் முறை தப்பிவிடக் கூடாதே!

அடுத்த சுற்றில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். நடித்து மட்டும் காட்டுங்கள், அடியைப் பிள்ளைகள் சொல்லட்டும். அதற்கும் அடுத்த சுற்றில், அடிகளை அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். பசு அட்டைக்கு ஏற்ற கன்று அட்டையைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

"அம்மா என்குது வெள்ளைப்பசு – உடன்
அண்டையில் ஓடுது கன்றுக்குட்டி."

இந்த இடத்தில் ஒரு வாண்டு எழுந்து, "கன்னுக்குட்டிதானே டீச்சர் அம்மான்னு கூப்பிடணும்? பசு எதுக்குக் கூப்பிடுது?" என்று கேட்கக்கூடும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். வகுப்பிடமே விட்டுவிடுங்கள். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால் போதும், விவாதம் அதுவாக நடக்கும்.

[திரையில்: பசு மறைந்து கோழி வருகிறது.]

இப்போது பசுவை அனுப்பிவிட்டுக் கோழியைக் கொண்டு வாருங்கள்.

"குப்பையைக் கிண்டுது பெட்டைக்கோழி – அங்கே
குடுகுடு ஓடுது கோழிக்குஞ்சு."

முதல் இரண்டு அடிகளை நீங்கள் தொடங்கி வைத்தால் மீதியை அவர்கள் கட்டிவிடுவார்கள். மோனை தட்டினால் தட்டட்டும். பூனையும் குட்டியும், ஆடும் குட்டியும் என்று வேறு வேறு குழு வேறு வேறு விலங்கை எடுக்கலாம்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய, அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருகிற 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். இந்த ஒரே பாட்டு மூவருக்கும் வரும்: அரும்புக்கு நடிப்பு, மொட்டுக்கு அட்டை, மலருக்குக் கோழிப் பாட்டு.

"கை வீசம்மா கை வீசு" இன்னும் சுலபம். கடைக்குப் போய் மிட்டாய் வாங்குகிற இடத்தில் வேறு எதை வாங்கலாம் என்று கேளுங்கள். ஆளுக்கு ஒன்று சொல்ல, பாட்டு நீண்டுகொண்டே போகும்.

[திரையில்: ஆசிரியர் புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறார்.]

கதைப் புத்தகம் என்றால்? புத்தகம் கைவசம் இல்லாத பள்ளிகள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். படம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும். கதை சூடுபிடிக்கிற இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். வருகிற ஊகங்களைப் பலகையில் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். எது சரி என்று மதிப்பெண் போட வேண்டாம். கதை முடிந்ததும் "இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளைகள் கதையை மறந்து, ஆசிரியருக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

வாசித்து முடித்த புத்தகம் பீரோவுக்குப் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் கயிறு கட்டி அதில் தொங்கவிடுங்கள். பக்கம் கிழியத்தான் செய்யும். மேசையில் ஒரு செல்லோடேப் வைத்துக்கொள்ளுங்கள்.