நம் கரையின் வெளிச்சமும் பாட்டும்

(மண்டபத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். மழை விட்டும் விடாமலும் இருக்கிற இந்தச் சாயங்காலத்தில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அரையாண்டு விடுமுறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கார்த்திகை பிறந்ததுமே நம் வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. கொடைக்கானலா, மதுரையா, சென்னைக்கு ரயில் ஏறிப் போய் மார்கழிக் கச்சேரியா? போகிறவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் நான்கைந்து ராத்திரியையாவது ஊருக்கென்று ஒதுக்கி வையுங்கள். கார்த்திகை தீபம் தொடங்கி ஆங்கிலப் புத்தாண்டு வரைக்கும், சில வருடம் பொங்கலை ஒட்டியும்கூட, இந்த இராமநாதபுரம் கரையில் விளக்குக்கும் பாட்டுக்கும் குறைவே இல்லை. குறைவது உட்கார்ந்து பார்க்கிற, கேட்கிற ஆள்தான். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். வாங்க வேண்டியவர்களே வெளியூர்ச் சந்தைக்குப் போய்விட்டால் அது எப்படி விலை போகும்?

முதலில், கார்த்திகைக்கு நெருப்புப் பொரி பறக்கச் சுற்றுகிற மாவளியைச் சொல்ல வேண்டும். இங்கே இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் மாவளி சுற்றியிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி, ரொம்பக் கொஞ்சம்தான். பெரியவர்கள் பக்கம் நிறைய கை தெரிகிறது.

இராமநாதபுரம் பனை மண். கண்ணுக்கு எட்டின தூரம் பனை நிற்கிற ஊர்களில் கார்த்திகைக்குக் கடைப் பட்டாசு தேவைப்பட்டதே இல்லை. ஆண் பனையின் பூக்காம்பு காய்ந்து விழும். அதைப் பொறுக்கிக் குழியில் போட்டு எரித்து, முழுதாகச் சாம்பல் ஆவதற்குள் மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். காற்று போகாமல் கரியாகிவிடும். ஆறினதும் எடுத்து நன்றாக இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் வைத்து விரல் தடிமனுக்கு இறுகச் சுருட்டி, நூலால் வரிந்து கட்டுவார்கள். பனைமட்டையைப் பிளந்து, அந்தக் கவட்டுக்குள் இந்தச் சுருளைச் செருகி, கயிறு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நுனியில் நெருப்புக் கங்கு வைத்து ஊதிவிட்டுத் தலைக்கு மேலே சுற்றினால், தங்கப் பொரி வட்டமாகப் பறக்கும். வேகம் கூடினால் வட்டம் பெரிதாகும், வேகம் குறைந்தால் பொரி அடங்கும். சிலர் கரித்தூளோடு கொஞ்சம் உப்பும் சேர்ப்பார்கள், படபடவென்று பொரியட்டும் என்று. மருந்து கிடையாது, வெடிச் சத்தம் கிடையாது, செலவும் இல்லை. கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துகிற நேரத்தில் பொட்டலில் நாலு பிள்ளைகள் மாவளி சுற்றுவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

கார்த்திகை இன்னும் சில நாளில் வந்துவிடும். மாவளி கட்டத் தெரிந்த தாத்தாக்களும் மாமாக்களும் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரே ஒரு சுருள் கட்டிக் காட்டுங்கள். பருத்தித் துணி மட்டும் போடச் சொல்லுங்கள். பாலியெஸ்டர் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். கூரை வீடு இல்லாத பொட்டலில் சுற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது கிறிஸ்துமஸ். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். வண்டியில் போனால் ஒன்றும் தெரியாது, நடக்க வேண்டும். வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். வாடைக் காற்றுக்குக் காகித நட்சத்திரம் நாலு நாள் தாங்காது என்று பிளாஸ்டிக்குக்கு மாறியவர்கள் உண்டு. காகிதம்தான் வேண்டும் என்று கிழிந்த இடத்தில் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. குடில்களை நின்று பாருங்கள். மலைக்கும் குகைக்கும் மை தடவிய காகிதம், தரைக்குக் கடல் மணல், புல்வெளிக்குச் சின்னத் தட்டில் தெளித்து முளைக்க வைத்த தானியம். ஆடியில் முளைப்பாரி போடுகிற வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தால், எத்தனை நாள் முளை, எத்தனை தண்ணீர் தெளித்தது என்று சொல்லிவிடுவார்கள். குடில் கட்டிய பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. கேரல் பாட்டுக்காரர்கள் கிதாரும் டிரம்முமாகத் தெருவில் வந்தால் கதவைச் சாத்தாமல் வாசலில் நின்று ஒரு பாட்டாவது கேளுங்கள்.

தெரு அலங்காரம் கட்டுகிற தம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு சீரியல் செட் என்றால் 6 வோல்ட் பல்பு நாற்பது வரைக்கும் ஒரே சரமாகக் கோர்த்து 230 வோல்ட்டில் செருகுவார்கள். ஒரு பல்பு போனால் சரம் முழுக்க அணைந்துவிடும். ஏணியில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தால்தான் எது போனது என்று தெரியும். இப்போது எல்இடி வந்து மின்சாரச் செலவு ரொம்பவே குறைந்துவிட்டது. ஆனால் நம் உப்புக் காற்று மாறவில்லை. ஒரு பருவத்தில் இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். அதன் மேல் மழையும் சேர்ந்தால் ஆபத்து. அதனால் விழாக் குழுக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கம்பத்தில் கொக்கி போட்டு இழுக்காதீர்கள். முறைப்படி தற்காலிக இணைப்பு வாங்குங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடுகிற கருவி கடையில் கிடைக்கிறது. அது இல்லாமல் ஒரு சரமும் எரிய வேண்டாம். பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்தில் இணைப்பு இருக்கவே கூடாது. கடல் பார்த்த பக்கம் பெரிய ஃபோகஸ் விளக்கும் வேண்டாம். தை, மாசியில் தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும். கரையில் விளக்கு பளிச்சென்று இருந்தால் கடலை விட்டுவிட்டு ஊரைப் பார்த்து நகரும்.

தனுஷ்கோடியைச் சொன்னதும் 1964 நினைவுக்கு வராமல் இருக்காது. டிசம்பர் 22 ராத்திரி, கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருக்கும்போதுதான் புயல் அடித்தது. பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. தேவாலயம் கூரை இல்லாமல் இன்றும் நிற்கிறது. அந்த நாளில் ஊர் விளக்குகளைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் விருப்பம்.

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது துல்கஃதா என்கிற இஸ்லாமிய மாதத்துக் கணக்கு. பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். இப்போது கோடைப் பக்கம் நிற்கிறது. ராத்திரி முழுக்க விழித்திருந்து, விளக்கு ஜொலிக்கிற கூடு வருவதை எல்லா சமயத்து மக்களும் சேர்ந்து பார்க்கிற விழா அது. மார்கழிக்கு வரும்போது வரட்டும், அதுவரைக்கும் கோடையில் போவோம்.

இனி உத்தரகோசமங்கை. இராமநாதபுரத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் அளவுதான். வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருக்கிற ஆளுயர மரகத நடராசர், மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் மட்டும் சந்தனம் களையப்பட்டுத் தெரிவார். அபிஷேகம் அடுத்தடுத்து நடக்கும். திருவாதிரை விடியும் முன் புதுச் சந்தனம் சாத்திவிடுவார்கள். மேளச் சத்தத்தின் அதிர்வு மரகதத்துக்கு ஆகாது, அதனால்தான் காப்பு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. வெளிமாநிலத்திலிருந்துகூட ஆட்கள் வருகிற அந்த ராத்திரிக்கு, பக்கத்திலேயே இருக்கிற நம் ஆட்களில் பலர் போனதே இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை. தரிசனம் முடிந்ததும் ஓடி வந்துவிடாதீர்கள். வெளிப் பிரகாரத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம் மாணிக்கவாசகர் இந்தத் தலத்தில் பாடியது. ஐம்பது பாட்டு. அதைப் பாடிய இடத்திலேயே, பக்கத்தில் யாராவது பாடக் கேட்கிற வாய்ப்பு வேறு எந்த ஊர்க்காரனுக்குக் கிடைக்கும்?

பாட்டு என்று வந்துவிட்டதால் நம் மாவட்டத்தின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். சென்னைச் சபாக்களில் இன்று கேட்கிற கச்சேரியின் வரிசை, வர்ணத்தில் தொடங்கித் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகளில் இறங்குகிற அந்த அமைப்பு, அரியக்குடி இராமானுஜ அய்யங்கார் வகுத்தது என்பார்கள். அவருடைய குரு யார்? இராமநாதபுரம் சமஸ்தானத்து வித்துவான் 'பூச்சி' சீனிவாச அய்யங்கார். 1860-இல் பிறந்தவர், 1919-இல் மறைந்தவர். சேதுபதி மன்னர்களின் அரண்மனை நவராத்திரி நடந்த காலத்தில் ஊருக்கு வராத வித்துவான் குறைவு. மிருதங்கத்தில் பாலக்காடு மணி அய்யர், பழனி சுப்பிரமணிய பிள்ளை என்ற வரிசையில் மூன்றாவதாகச் சொல்லப்படுகிற முருகபூபதி இராமநாதபுரத்துக்காரர். அவர் அண்ணன் சங்கரசிவம் பாகவதரிடம் பாடம் கேட்டவர் மதுரை டி.என். சேஷகோபாலன். இவ்வளவும் நடந்த மண்ணில் இன்று உள்ளூர்க் கச்சேரி என்றால் முதல் இரண்டு வரிசை நாற்காலி காலியாக இருக்கிறது. பாடுகிறவர் யாருக்குப் பாடுவார்?

நாதசுரமோ, ஒயிலாட்டமோ, இன்னிசை மேடையோ, எதுவானாலும் முன்னால் போய் உட்காருங்கள். நடுவில் எழுந்து போவதாக இருந்தால் ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் காத்திருங்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற பாட்டிக்கு மேடை மறைகிறது. முடிந்ததும் வாசித்தவர் பக்கத்தில் போய் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். ராகத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. "அந்தக் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்தீங்களே, அது" என்றால் அவருக்குப் புரிந்துவிடும். கலைஞர்களுக்குச் சாப்பாடும் சம்பளமும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜெனரேட்டர்காரருக்கும் மைக்செட்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, தவில்காரரைக் காலையில் வரச் சொல்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நமக்கு அழகில்லை.

அப்புறம் சத்தம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் இருக்கிற தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அதிகாலை நாலரைக்கு அலறவிட்டால், பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். சட்டமும் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு இடம் தரவில்லை. மார்கழி பஜனையை மைக் இல்லாமல் பாடிப் பாருங்கள். பனிக் காற்றில் ஜால்ராவும் பத்துக் குரலும் தூரத்திலிருந்து வந்து, வாசலைத் தாண்டி, தெருக்கோடியில் தேய்கிற வரைக்கும் படுக்கையிலிருந்தே கேட்கலாம். மைக்கில் அந்த நடை கேட்காது.

மார்கழி முதல் நாள் டிசம்பர் 16. நாலரை மணிக்குப் பெருமாள் கோயில் வாசலில் கூடுகிறோம். திருப்பாவை முப்பது, திருவெம்பாவை இருபது, இரண்டும் அச்சடித்து வைத்திருக்கிறது. கையில் டார்ச்சும், மழைக்குக் குடையும் எடுத்து வாருங்கள். குரல் சரியில்லை என்று நினைக்கிறவர்கள் கட்டாயம் வாருங்கள். பின்பாட்டுக்கு ஆள் போதவில்லை. முடிந்ததும் வெண்பொங்கல் இருக்கிறது.